வெளியில் வாங்கிய பாகத்தைக் காட்டி இன்ஜின் வாரண்டியை மறுக்கிறார்களா? செய்ய வேண்டியவை

என் கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடகடவென்று சத்தம் கொடுத்து நின்றது. வாரண்டி முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது, அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூன்றாம் நாள் சர்வீஸ் அட்வைசர் போன் செய்தார்.

"சார், வெளியில வாங்குன ஏர் ஃபில்டர் போட்டிருக்கீங்க. வாரண்டி வராது சார். இன்ஜினுக்கு எஸ்டிமேட் போடட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். எப்படியோ ஒரு கேள்வி முந்திக்கொண்டு வந்தது: "அந்த ஃபில்டரால எது உடைஞ்சுது?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "சிஸ்டத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு" என்றார்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. வண்டியில் வெளி மார்க்கெட் பாகம், அதாவது கார் கம்பெனியுடையது அல்லாத பாகம், இருக்கிறதா என்பது ஒரு விஷயம். அந்தப் பாகம்தான் இந்தச் சேதத்தை உண்டாக்கியதா என்பது வேறு விஷயம். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதும் தானாகவே உறுதியாகிவிட்டதுபோல் பேசுவார்கள். இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. முதல் முறை இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் மணி நேரத்தில்

வித்தியாசமான சத்தம் வந்தாலோ, ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்ற ஆசை வேண்டாம். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டினீர்கள் என்று பதிவாகிவிட்டால், ஃபில்டரை விட்டுவிட்டு அதையே காரணமாக்கிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் நியாயமும் இருக்கும்.

மீட்பு வண்டி வருவதற்குள் டாஷ்போர்டைப் படம் எடுங்கள். எரியும் விளக்குகளும் ஓடிய கிலோமீட்டரும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்த அளவில் நிற்கிறது என்பதையும் படம் எடுத்துவையுங்கள். "ஆயிலே இல்லாமல் ஓட்டியிருக்கிறார்" என்று நாளைக்கு யாராவது சொன்னால், அந்த ஒரு படம் பேசும். பேட்டரியைக் கழற்ற வேண்டாம், பிழைக் குறியீடுகளையும் அழிக்க வேண்டாம். பிழை பதிவான நொடியில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில் இருந்தது என்பதை வண்டியின் கணினி குறியீட்டோடு சேர்த்து வைத்திருக்கும். அதை அழித்தால் உங்கள் சாட்சியை நீங்களே அழித்ததாகிவிடும்.

முக்கியமான இன்னொன்று. வெளிப் பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழைய கம்பெனிப் பாகத்தைத் திரும்ப மாட்டி அனுப்பலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார்கள்; கிளிப்பில் புதுக் கீறல் இருக்கும், போல்ட்டில் ஸ்பானர் தடம் இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். உங்களுக்கு நியாயம் இருக்கும்போது மறைக்க எதுவும் இல்லை.

காகிதங்களைத் திரட்டுவது

வண்டி வாங்கியபோது கொடுத்த வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, "எவையெல்லாம் வாரண்டிக்குள் வராது" என்ற பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பெரும்பாலும் அங்கே எழுதியிருப்பது, வெளிப் பாகத்தால் உண்டான சேதத்துக்கு வாரண்டி இல்லை என்பதாக இருக்கும். வெளிப் பாகம் போட்டாலே மொத்த வாரண்டியும் போய்விடும் என்பது அதற்கு வெகுதூரம். 'உண்டான' என்ற அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த வாரண்டி என்பதையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தரும் வாரண்டி ஒன்று. தனியாகப் பணம் கட்டி வாங்கிய நீட்டிப்பு வாரண்டி வேறு. அது பல சமயம் இன்னொரு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தமாக இருக்கும், நிபந்தனைகளும் கடுமையாக இருக்கும். எதன் கீழ் கேட்கிறீர்கள் என்று தெரியாமல் போனால் ஆளை மாற்றி ஆளிடம் அலைய விடுவார்கள்.

அப்புறம் பில்கள். ஆயில் மாற்றியது, ஃபில்டர் மாற்றியது, பாகம் வாங்கியது, மாட்டிய மெக்கானிக்குக் கூலி கொடுத்தது என எல்லாம் தேதி, கிலோமீட்டரோடு வேண்டும். சொந்தக் கையால் ஆயில் மாற்றுகிறவர் என்றால், ஆயில் வாங்கிய பில்லும் டப்பாவில் இருக்கும் தரக்குறியீடும் தேவை. வண்டியின் கையேடு கேட்பது 0டபிள்யூ-20 என்றால், நீங்கள் ஊற்றியதும் அதுதான் என்று காட்ட முடிய வேண்டும். இந்த இடத்தில் ஓட்டை இருந்தால் வெளிப் பாகப் பேச்சு தேவையே இல்லை. 'பராமரிப்புக் குறைவு' என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இன்ஜினைப் பிரிக்கும் முன்

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கிளெய்மைப் பரிசீலிக்க இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் பிரித்த கூலி உங்கள் தலையில் என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போடாமல் முடியாதுதான். ஆனால் போடும்போது கையாலேயே மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்: பிரிக்கும்போது நான் உடனிருப்பேன், கழற்றிய எந்தப் பாகத்தையும் என் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அகற்றக் கூடாது, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயிலில் ஒரு மாதிரி எனக்கு வேண்டும். அந்தத் தாளின் நகலை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

ஆயில் மாதிரியை ஏன் கேட்க வேண்டும் என்றால், அதற்குள் இன்ஜினின் கதை கரைந்து கிடக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்வார்கள். ஈயமும் செம்பும் கூடியிருந்தால் பேரிங் (சுழலும் பாகத்தைத் தாங்கும் உலோக ஓடு) தேய்ந்திருக்கலாம். சிலிக்கான் கூடியிருந்தால் தூசி உள்ளே போயிருக்கலாம், அதாவது ஏர் ஃபில்டர் மேல் சந்தேகம் வரும். சில கேஸ்கட் பசைகளிலிருந்தும் சிலிக்கான் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சோடியம், பொட்டாசியம் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கக்கூடும். ஆயில் ஃபில்டரையும் வெட்டித் திறந்து, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுக்கும் துகள்கள் அங்கேதான் தங்கியிருக்கும்.

என் இன்ஜினைப் பிரித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். மெக்கானிக் தம்பி கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழலும் அச்சோடு இணைக்கும் தண்டு) தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். ஒன்று, இரண்டு, நான்கு: மூன்றிலும் பேரிங் ஓடு சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. மூன்றாவதைக் கழற்றியபோது ஓடு கையோடு வரவில்லை. நெளிந்து, மேல் பூச்சு வழித்து எடுத்தாற்போல் போய், உள்ளே செம்பு நிறம் தெரிந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினேன். துணி வெள்ளையாகவே இருந்தது. சிலிண்டர் சுவர் நான்கிலும் கீறல் இல்லை. "ஃபில்டர் வழியா தூசி போயிருந்தா முதல்ல சுவரும் ரிங்கும்தான் தேயும், மூணாவது ராட் மட்டும் எப்படிப் போகும்?" என்று அந்தத் தம்பியே வாய்விட்டுக் கேட்டார். அவர் சொன்னதை நான் யாரிடமும் சாட்சியாகக் காட்டவில்லை, அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது. படங்களே போதுமானதாக இருந்தன. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலையும் ஜாப் கார்டு எண்ணையும் வையுங்கள். எந்த வண்டியின் பாகம் என்ற சண்டை வராது.

எந்தப் பாகம் எதைக் கெடுக்கும்

உங்கள் பாகத்துக்கும் சேதத்துக்கும் இடையே பாதை இருக்கிறதா என்று நேர்மையாகப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. உங்களையே ஏமாற்றிக்கொண்டு வாதாடப் போனால் நேரமும் பணமும் வீண்.

ஏர் ஃபில்டர் சரியாக உட்காராவிட்டால் தூசி உள்ளே போகும். தேய்மானம் பெரும்பாலும் எல்லா சிலிண்டரிலும் தெரியும். எண்ணெய் தடவிப் பயன்படுத்தும் வகை ஃபில்டர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. எண்ணெய் அளவுக்கு மீறினால் காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரில் படிந்து, கணினிக்குத் தப்பான கணக்குப் போகும். கலவையில் பெட்ரோல் குறையும். அப்படி நடந்திருந்தால் பி0171 போன்ற பிழைக் குறியீடு பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். பதிவாகவில்லை என்றால் அதையும் உங்கள் பக்கத்துச் சான்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் ஃபில்டர் இதைவிட ஆபத்தானது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதை மாட்டிவிட்டால், இரண்டு வளையமும் நழுவி ஆயில் முழுவதும் வெளியே கொட்டிவிடும். ஆயில் பஞ்சத்தில் போன இன்ஜினில் சேதம் ஓரிடத்தோடு நிற்பது அரிது. பல பேரிங்குகள் சூட்டில் நீலம் பாரித்திருக்கும், டர்போ இருந்தால் அதுவும் போயிருக்கும். ஒரே ஒரு பேரிங் போய் மற்றவை பளிச்சென்று இருந்தால் அந்த ஆயில் வழி அடைப்பு, உற்பத்தியின்போது தங்கிய உலோகத்தூள், பொருத்தியதில் பிழை ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டைமிங் பெல்ட் வெளியில் வாங்கியதாக இருந்து, அது அறுந்து வால்வுகள் வளைந்திருந்தால், பாதை நேராகவே இருக்கிறது. கார் கம்பெனியோடு மோதுவதில் பயனில்லை.

இசியூ ரீமேப், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றும் வேலை, செய்திருந்தால் நிலைமை கடினம். பிஸ்டன் தலையில் குழி விழுந்து, ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தால், அது கட்டுமீறிய வெடிப்பால் வரும் சேதம். டியூனிங்கோடு நேரடியாகப் பொருந்தும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல இசியூக்கள் சேமித்து வைத்திருக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை: இன்ஜினை விட்டுவிடுங்கள், தொடர்பே இல்லாத மற்ற பழுதுகளுக்கான வாரண்டியையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

சைலன்சரின் பின்பகுதி, அலாய் வீல், விளக்கு, பாட்டுப் பெட்டி இவற்றைக் காட்டி ராட் பேரிங்குக்கு மறுத்தால் அதற்குப் பதில் ஒரே வரிதான்: எப்படி என்று விளக்குங்கள்.

எழுத்தில் மறுப்பை வாங்குவது

போனில் சொன்ன மறுப்பு மறுப்பே ஆகாது. மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"எனது வாகனத்தின் இன்ஜின் பழுதுக்கான வாரண்டி கோரிக்கை, ஏர் ஃபில்டரைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டதாகத் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, பழுதடைந்த பாகம் எது. இரண்டு, அந்தப் பழுதை ஏர் ஃபில்டர் எவ்வாறு உண்டாக்கியது என்ற தொழில்நுட்ப விளக்கம். மூன்று, அதற்கு ஆதாரமான படங்கள், அளவீடுகள், பிழைக் குறியீடுகள். நான்கு, வாரண்டி ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின் கீழ் மறுக்கப்பட்டது. ஐந்து, முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும். கழற்றப்பட்ட பாகங்கள் அனைத்தையும் பத்திரமாக வைத்திருக்கவும்."

கோபம், மிரட்டல், வழக்குப் பேச்சு எதுவும் இதில் இல்லை. இருக்கவும் கூடாது. நாளைக்கு மூன்றாம் மனிதர் ஒருவர் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும், அவர் கண்ணுக்கு நீங்கள் நிதானமானவராகத் தெரிய வேண்டும்.

சர்வீஸ் சென்டர்காரரை எதிரியாகவும் பார்க்காதீர்கள். வாரண்டி வேலைக்கு அவருக்குப் பணம் தருவது கார் கம்பெனி. தப்பாக அனுமதித்தார் என்று தணிக்கையில் வந்தால் அந்தப் பணம் நின்றுவிடும், அதனால் சந்தேகம் வந்தாலே மறுத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. அவரையே உங்கள் சார்பில் மேலே எழுதச் சொல்லிப் பாருங்கள். கம்பெனியின் வட்டாரத் தொழில்நுட்ப அலுவலர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என் வண்டிக்கு அப்படி ஒருவர் வந்த பிறகுதான் பேச்சின் தொனியே மாறியது.

வெளிச் சான்று

அந்தக் கம்பெனியோடு தொடர்பில்லாத ஓர் இன்ஜின் நிபுணரையோ, வாகன மதிப்பீட்டாளரையோ கூட்டிவந்து அறிக்கை வாங்குங்கள். இன்ஜினைத் திரும்பப் பூட்டுவதற்கு முன்பே வர வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அறிக்கையில் "ஃபில்டர் காரணமில்லை" என்பதோடு நிற்காமல், எது காரணம், ஏன் அப்படி நினைக்கிறார் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், உங்கள் இன்ஜின் வகைக்கே தெரிந்த குறை இருக்கிறதா என்று தேடுங்கள். இது பலருக்குத் தோன்றுவதில்லை. 2015இல் ஹூண்டாய், அமெரிக்காவில் விற்ற 2011, 2012 மாடல் சொனாட்டாக்களில் சுமார் 4,70,000 கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க்ஷாஃப்ட் (இன்ஜினின் சுழலும் அச்சு) கடைசலின்போது தங்கிய உலோகத்தூள் ராட் பேரிங்குக்குப் போகும் ஆயிலை மறித்தது என்பது காரணம். 2024இல் டொயோட்டாவும் இதே மாதிரி உலோகத்தூள் காரணத்துக்காக டன்ட்ரா, லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளில் சுமார் 1,02,000ஐத் திரும்ப அழைத்தது. பெரிய பெயருள்ள கம்பெனிகளுக்கே இது நடக்கிறது. உங்கள் இன்ஜினுக்கு அப்படி ஓர் அழைப்போ, சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கையோ இருந்தால், அது நூறு வாதங்களுக்குச் சமம்.

சட்டம் எந்தப் பக்கம்

நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் போக்கு ஒன்றாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 1975இன் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட பிராண்டு பாகத்தைத்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைப்பதைத் தடுக்கிறது. அந்தப் பாகத்தை இலவசமாகத் தந்தாலோ, அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தனியாக விலக்கு அளித்தாலோதான் அப்படிக் கேட்கலாம். 2018இல் அந்த ஆணையம், இப்படி நிபந்தனை எழுதியிருந்த ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆஸ்திரேலியாவில் தயாரிப்பாளர் வாரண்டிக்கு வெளியேயும் நுகர்வோர் சட்டம் தரும் உத்தரவாதம் தனியாக நிற்கிறது.

இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் தயாரிப்பாளர்கள் மீது பிறப்பித்த உத்தரவைப் படித்துப் பாருங்கள். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது, தவறான வெளி வேலையால் உண்டான சேதத்தின் அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது, எனவே அதை மட்டும் நம்பி நிற்காமல் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பொருளில் உள்ள குறையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாகங்களைத் தூக்கிப் போட விடாதீர்கள் என்று மேலே அழுத்திச் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்: பரிசோதிக்கப் பொருள் இருக்க வேண்டுமே! முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

இந்தச் சட்டங்கள் எதுவும், பாகம் உண்மையிலேயே கெடுத்திருந்தால் உங்களைக் காப்பாற்றாது. அப்படி என்றால் பாகத்தைத் தயாரித்தவரிடமோ மாட்டியவரிடமோ போங்கள். தங்கள் பாகத்தின் குறையால் இன்ஜின் போனால் பழுதுச் செலவைத் தருவதாகச் சில ஃபில்டர் தயாரிப்பாளர்கள் தங்கள் வாரண்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். பெட்டியையும் பில்லையும் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பயன்படும்.

பாதி தருகிறோம் என்றால்

நடுவில் ஒரு கட்டத்தில் "நல்லெண்ண அடிப்படையில் பாகம் எங்கள் செலவு, கூலி உங்கள் செலவு" என்று ஒரு பேரம் வரலாம். எடுப்பதா விடுவதா என்பது உங்கள் சான்று எவ்வளவு உறுதி, வண்டி இல்லாமல் எத்தனை நாள் தள்ள முடியும் என்பதைப் பொறுத்தது. ஏற்பதில் தவறே இல்லை. ஏற்கும் முன் அந்தத் தாளில் "சேதத்துக்கு வாடிக்கையாளரே பொறுப்பு" என்றோ "மீதி வாரண்டி செல்லாது" என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். எனக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. ஏழாவது வாரத்தில் முழுச் செலவையும் ஏற்றார்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். மாற்றிய பாகங்களின் பட்டியல், புது இன்ஜின் அல்லது பிளாக்கின் எண், அதற்கு எத்தனை மாதம் வாரண்டி என்பதெல்லாம் பில்லில் ஏறியிருக்க வேண்டும். இன்ஜின் எண் மாறியிருந்தால் வண்டிப் பதிவிலும் காப்பீட்டிலும் மாற்ற வேண்டும். முதல் ஆயில் மாற்றத்தை எப்போது செய்வது என்று எழுதி வாங்குங்கள். அன்றைக்கு ஃபில்டரை வெட்டித் திறக்கச் சொல்லி, நீங்களே விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். என் ஃபில்டரில் கறுப்பு ஆயிலைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் படம் எடுத்து, தேதி போட்டு, அதே கோப்பில் வைத்திருக்கிறேன்.